இதயத்தில் தேடிய நோய் கடமைப் பட்டியலில் இருந்தது: ஒரு தாதியின் அனுபவம்

திருகோணமலை மாவட்டத்திலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். நோயாளருக்கு நான் ‘மிஸ்’. பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 2023 மார்ச் தொடங்கி டிசம்பர் வரையான ஒன்பது மாதங்கள் எனக்கு இதய நோய் இருப்பதாக நம்பி 169,000 ரூபாய் செலவழித்தேன், ஒரு விபத்தைச் சந்தித்தேன், ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்தாக முடிந்திருக்கக்கூடிய பிழையின் விளிம்பு வரைக்கும் போய் வந்தேன். இதயத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. மற்றவர்களின் நோய்க் குறிகளைப் படித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருத்திக்குத் தன் உடம்பு சொன்னதை வாசிக்க இத்தனை காலமும் இத்தனை பணமும் தேவைப்பட்டன என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நாட்களில் இப்படியொரு குறிப்பை யாராவது எழுதி என் கையில் தந்திருந்தால் பாதித் தூரமாவது மிஞ்சியிருக்கும் என்பதால் எழுதுகிறேன். எந்த வைத்தியசாலையையும் எந்த மேலதிகாரியையும் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. அவர்களும் அதே ஆட்பற்றாக்குறைக்குள்தான் நின்றார்கள்.

தொடக்கம் 2022ஆம் ஆண்டுதான். மின்வெட்டு, பெற்றோல் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் ஒன்றாக வந்த வருடம் அது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்ற சுற்றறிக்கை வந்ததும் எங்கள் விடுதியிலிருந்து, அதாவது வார்ட்டிலிருந்து, இரண்டு பேர் புறப்பட்டார்கள், பிறகு இன்னொருவர். அவர்களைக் குறை சொல்ல முடியாது; எனக்கும் போகும் எண்ணம் இருந்தது, அம்மாவையும் பிள்ளைகளையும் யாரிடம் விடுவது என்ற கேள்வியில் அது நின்றுவிட்டது. போனவர்களின் இடம் நிரப்பப்படவில்லை. எங்களிடம் காலைக் கடமை 7 மணி முதல் 1 மணி வரை, மாலைக் கடமை 1 முதல் 7 வரை, இரவுக் கடமை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. ஆள் இல்லாத இடத்தை நிரப்ப மாலையோடு இரவும், இரவோடு அடுத்த நாள் காலையும் ஒட்டப்பட்டன. யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்புவழிபுரத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்திருந்தோம், வட்டி ஏறிக்கொண்டே போனது, மூத்தவனுக்கு அது புலமைப்பரிசில் பரீட்சை வருடம். மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பியே மாதக் கணக்கு ஓடியது. விடுதிக்குப் பொறுப்பான தாதி, எங்கள் சிஸ்டர், தொலைபேசியில் “நாளைக்கு ஒரு இரவு செய்வியாம்மா?” என்று கேட்டால், அவர் முடிப்பதற்கு முன்பே “ஓம்” என்று சொல்லிவிடுவேன்.

இங்கே பணம் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜனவரியிலிருந்து மாத வருமானம் ஒரு இலட்சத்தைத் தாண்டினால் வரி கழிக்கப்பட்டது. மேலதிக நேரம் அதிகம் செய்த மாதங்களில் நான் அந்தக் கோட்டைத் தாண்டினேன். கடைசியாகச் செய்த இரண்டு மூன்று இரவுகளின் பணத்தில் ஒரு பகுதி வரியாகப் போனது, இன்னொரு பகுதி களைப்பினால் சமைக்க முடியாமல் வாங்கிய கொத்து ரொட்டிப் பார்சல்களுக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஓட்டோவுக்கும் போனது. மேலதிகக் கடமைக்குச் சம்மதிக்கும்போது கையில் வரும் தொகையைப் பார்க்கிறோமே தவிர அதைச் சம்பாதிப்பதற்காகச் செலவாகும் தொகையைக் கழித்துப் பார்ப்பதில்லை. ஒரு மாதத்துக்காவது இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள். எனக்கு வந்த விடை என்னைத் திகைக்க வைத்தது.

வேலைப் பளு என்றதும் எல்லோரும் நோயாளர் எண்ணிக்கையைச் சொல்வார்கள். 28 கட்டில்கள் உள்ள விடுதியில் 40 பேர் இருப்பதும், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குக் குனிந்து, மருந்து ஏற்றும் கெனுலா ஊசிக்குழாய் போடுவதும் கடினம்தான். உடம்புக் களைப்பு அது. என்னை உள்ளே அரித்தது வேறொரு வேலை, அது எந்தக் கடமைப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. எங்கள் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் மூவரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பார்கள். தெற்கிலிருந்து இடமாற்றத்தில் வரும் இளம் வைத்தியர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது. மூதூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வருபவர்களில் பலருக்குச் சிங்களம் விளங்காது. இரண்டும் பேசத் தெரிந்தவள் என்பதால் என் விடுதியில் மட்டுமல்ல, பக்கத்து விடுதியிலிருந்தும் என்னைக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விளக்குவதற்கோ சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுவதற்கோ கூப்பிட்டால் பரவாயில்லை. கெட்ட செய்தி சொல்வதற்கும் என்னையே கூப்பிட்டார்கள்.

மூளையில் இரத்தம் கசிந்து நினைவிழந்து கிடந்த ஒருவரின் மனைவிக்கு வைத்தியர் சிங்களத்தில் இரண்டு வசனங்கள் சொன்னார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்க மிஸ், எங்கட ஆள் எழும்புவாரா?” என்றார். அவர் கையில் மீன் வாடையும் சவர்க்கார வாடையும் சேர்ந்து வீசின. கழுவிவிட்டு ஓடி வந்திருக்கிறார். வைத்தியருக்கு அது இரண்டு வசனம். எனக்கு அது என் தாய்மொழியில், என் வாயால், ஒரு பெண்ணின் வீட்டை இடிப்பது. அதன் பிறகு அவர் என் தோளில் விழுந்து அழுதார், வைத்தியர் அடுத்த கட்டிலுக்குப் போனார், நான் இரண்டு மணி மருந்தைப் போட ஓடினேன். அந்த வருடம் இப்படி எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

மொழிபெயர்க்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, நான் பிந்திக் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். உறவினரைக் கூப்பிடுவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, என்ன சொல்லப்போகிறார், எவ்வளவு சொல்லப்போகிறார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து வரும்போதுதான் நீங்களும் முதன்முதலாகக் கேட்பது இரட்டை அடி. சொல்லும்போது “வைத்தியர் சொல்கிறார்” என்று தொடங்குங்கள். அற்பமான சொல் மாற்றம் போலத் தெரியும், ஆனால் செய்தி உங்களுடையதல்ல என்பதை அது கேட்பவருக்கும் உங்களுக்கும் நினைவூட்டும். மூவரும் உட்கார்ந்து பேசுவதற்குக் கதிரை தேடுங்கள். முடிந்ததும் உடனே மருந்துத் தட்டைத் தூக்காமல், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் முகம் கழுவி வாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தால் விடுதி விழுந்துவிடாது.

2023 மார்ச்சில் ஓர் இரவு, மூன்று மணிக்குப் பிறகு, என் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 124. இடது கை விறைத்தது போலிருந்தது. விடுதியிலிருந்த இயந்திரத்திலேயே கூட வேலை செய்த தங்கச்சி ஈ.சி.ஜி. எடுத்தாள். துடிப்பு வேகம் தவிர வேறு மாற்றம் இல்லை. அன்றோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்தில் நாலு தடவை வந்தபோது, நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் இறந்த மாமாவின் ஞாபகம் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்த வைத்தியசாலையில் காட்டினால் மறுநாளே சிற்றூழியர் வரைக்கும் கதை போகும் என்று பயந்து தனியாரில் சனல் பண்ணினேன், அதாவது பணம் கட்டி வைத்தியரிடம் நேரம் பதிந்தேன். முதலில் திருகோணமலையில், பிறகு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய். எக்கோ என்ற இதய ஸ்கேன், ஓட வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி., 24 மணி நேரம் நெஞ்சில் கட்டி வைக்கும் ஹோல்டர் எல்லாம் எடுத்தாயிற்று. நெஞ்செரிவும் இருந்ததால் ஒருவர் கமராக் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்கு மட்டும் 38,000 ரூபாய். கணவரோடு இரண்டு தடவை கொழும்பில் தங்கி வந்த செலவு 46,000. ஒவ்வோர் அறிக்கையும் சுத்தமாக வந்தபோது சந்தோசப்படாமல், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். நோயாளி ஒருவர் இப்படி அறிக்கைகளை அடுக்கிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டியது இது: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று வந்தால் ஈ.சி.ஜி. எடுத்து மாரடைப்பு இல்லை என்பதை உறுதிப்படுத்துவது சரி, அதில் சோம்பல் கூடாது. ஆனால் பெரிய பரிசோதனைகளுக்கு ஓடுவதற்கு முன் மலிவான மூன்றைப் பாருங்கள்: முழு இரத்தப் பரிசோதனை, தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச்., இரத்தச் சர்க்கரை. தனியார் வைத்தியர் ஒருவர் இரத்தம் பார்க்கச் சொன்னபோது, பட்டியலில் பத்துப் பரிசோதனைகள் இருந்தன. “ஹீமோகுளோபின் ஆறு மாதத்துக்கு முன் பார்த்தது, சரியாக இருந்தது” என்று நானே சொல்லி அதை வெட்டிவிட்டேன். பின்னர், எல்லாப் பணமும் போன பிறகு, சொந்த வைத்தியசாலையில் இலவசமாகப் பார்த்தபோது அது 9.4 ஆக இருந்தது. மாதவிடாய் அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததைக் களைப்பின் கணக்கில் எழுதி விட்டிருந்தேன். படபடப்பில் ஒரு பங்கு இரத்தச் சோகைக்கு உரியது. அதற்கும் மேலே ஒரு கூத்து: இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்று கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆயிரம் தடவை சொன்ன வாய் இது.

ஓகஸ்ட் மாதம் விபத்து. இரவுக் கடமை முடிந்து, மீன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஸ்கூட்டியை நகருக்குள் விட்டேன். திருகோணமலையைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊர் மான்களைத் தெரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வீதியோரத்தில் மாடு போல மேய்ந்துகொண்டு நிற்கும். டச் குடாப் பக்கம் கடற்கரை வீதியில் ஒரு மான் குறுக்கே நின்றது. அதை நான் தூரத்திலேயே பார்த்தேன். பார்த்தேன் என்பதும் நினைவிருக்கிறது. பிறேக்கைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் கைக்கு வந்து சேரவில்லை. மான் துள்ளி ஓடிவிட்டது, நான் மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்காலில் தோல் போனது, ஸ்கூட்டியின் முன்பக்கம் உடைந்து 14,000 ரூபாய் செலவு. தூக்கிவிட்ட மீனவர் ஒருவர், “பிள்ளை நித்திரை கொண்டுகொண்டே வந்தது” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நான் கண்ணைத் திறந்துகொண்டுதானே வந்தேன்?

அந்த மீனவர் சொன்னதுதான் சரி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலக் குறைகின்றன என்றும், 24 மணி நேரம் ஆகும்போது அது ஏறக்குறைய 0.10 வீதத்துக்குச் சமமாகிறது என்றும் அவுஸ்திரேலியாவில் செய்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதற்கான எல்லை 0.08. பயிற்சிக் காலத்துக்குப் பின் ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்டு, குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். தெரிந்திருப்பதும் தன்மேல் பொருத்திப் பார்ப்பதும் வேறு வேறு. இரவுக் கடமையை அடுத்து இன்னொரு கடமை செய்தால் வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள், அல்லது ஓய்வறையில் இருபது நிமிடமாவது படுத்துவிட்டுப் புறப்படுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அந்த மாதங்களில் வீட்டில் எப்படி இருந்தேன் என்பதை நான் சொல்வதைவிட என் பிள்ளைகள் சொன்னால் சரியாக இருக்கும். சின்னவள் காய்ச்சல் என்று வந்தால், “எத்தனை? நூற்றொன்றா? அது ஒன்றுமில்லை, போய்ப் படு” என்று நோயாளி போல அனுப்பினேன். விடுதியிலும் மாறியிருந்தேன். வலி என்று சொன்னவரைப் பார்த்து மனதுக்குள் ‘நடிக்கிறார்’ என்று நினைத்தேன். முன்பு ஒருநாளும் நினைத்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல், நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு பற்றி அறிவித்தபோது, பேர்ன் அவுட் என்பதை ஒரு நோயாக அல்லாமல் தொழில் சார்ந்த நிலையாக வரையறுத்தது. அதற்கு மூன்று முகங்கள் சொல்லப்பட்டன: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் ஏளனம் வளர்தல், எதையும் திறமையாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. முதலாவதையே எல்லோரும் கவனிப்போம். எனக்கு எச்சரிக்கை தந்திருக்க வேண்டியது இரண்டாவது. இரக்கத்தில் பெயர் எடுத்த ஒருவருக்கு நோயாளிமேல் எரிச்சல் வரத் தொடங்கினால் அவர் கெட்டவராகிவிட்டார் என்று அர்த்தமில்லை. அவருடைய கடமைப் பட்டியலை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

நித்திரைக்கு நான் பிடித்த வழியும் பிழை. பகலில் தூக்கம் வராததால், நாங்கள் பிரிட்டன் (Piriton) என்று சொல்லும் குளோர்பெனிரமைன் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். தடுமலுக்குக் கொடுப்பதுதானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம். தூங்கி எழுந்தால் தலை பஞ்சு அடைத்தது போலிருக்கும். அதைப் போக்கத் தேத்தண்ணி, தேத்தண்ணியால் படபடப்பு, படபடப்பால் பயம், பயத்தால் தூக்கமின்மை. மருந்து எட்டும் தூரத்தில் இருப்பது எங்கள் தொழிலின் ஆபத்துகளில் ஒன்று. தனக்குத் தானே மருந்து தீர்மானிக்கத் தொடங்கியவுடன் அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் நடந்ததை எழுதும்போது இப்போதும் கை குளிர்கிறது. முந்தைய நாள் காலை 5 மணிக்கு எழுந்து, 1 மணிக்கு மாலைக் கடமைக்கு வந்து, அப்படியே இரவையும் செய்துகொண்டிருந்தேன். அதிகாலை ஐந்தரை. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வயோதிபர், நீரிழிவு. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். ரிக்கற்றில், அதாவது அவருடைய சிகிச்சைக் குறிப்பில், வைத்தியர் 4 என்று எழுதி, யுனிட் என்பதற்குச் சுருக்கமாக ஆங்கில ‘யூ’ எழுத்தைப் பக்கத்தில் ஒட்டி எழுதியிருந்தார். அந்த எழுத்தின் மேல்வாய் மூடியிருந்தது. எனக்கு அது 40 என்று தெரிந்தது. சிரிஞ்சில் 40 யுனிட் இழுத்தேன். நுனியில் நின்ற சிறு துளி இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. இன்சுலினை இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது முறை. எத்தனையோ இரவுகளில் ஆள் இல்லாமல் தனியாகப் போட்டிருக்கிறேன். அன்றும் நேராகக் கட்டிலுக்குப் போயிருப்பேன். கூட நின்ற தங்கச்சி, வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆனவள், பக்கத்தில் வந்து மிகவும் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நாலா நாற்பதா?”

நான் திரும்ப வாசித்தேன். நாலு.

சிரிஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாக 4 யுனிட் இழுத்து, அவளிடம் காட்டி, போட்டேன். பிறகு துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்து வைத்த படுக்கை விரிப்புகளில் முகத்தை அழுத்தி அழுதேன். அந்த வயோதிபர் ஏழு மணிக்கு நான் போகும்போது, “போயிட்டு வாங்க மகள்” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்று பகல் முழுவதும் அவர் வியர்த்து நினைவிழந்து கிடப்பதைப் போன்ற காட்சி வந்துகொண்டேயிருந்தது, நடக்காத ஒன்றுக்கு. மருத்துவப் பிழையில் முதலாவதாகப் பாதிக்கப்படுபவர் நோயாளி, இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர் அந்தப் பிழையைச் செய்தவர் என்று அல்பர்ட் வூ என்ற அமெரிக்க வைத்தியர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். நோயாளிக்கு எதுவும் நேராத தருணத்திலும் இரண்டாமவருக்கு நேர்கிறது என்பதை நான் அன்று அறிந்தேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் சிஸ்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பல வருடங்களுக்கு முன் தானும் ஒரு மருந்தை மாற்றி இழுத்த கதையைச் சொன்னார். பிறகு சம்பவ அறிக்கை எழுத வைத்தார். அதன் பயனாக எங்கள் விடுதியில் யுனிட் என்ற சொல்லைச் சுருக்காமல் முழுவதும் எழுதும்படி வைத்தியர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. உலகெங்கும் பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் விதிதான், எங்களிடம் நடைமுறைக்கு வர என் பிழை தேவைப்பட்டது. மயிரிழையில் தவறிய பிழைகளையும் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் அது உங்களுக்குள் மட்டும் வேலை செய்யும்.

உளநல வைத்திய நிபுணரைப் பார்க்கச் சொன்னதும் சிஸ்டர்தான். வெட்கத்தால் முதலில் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு ஓர் இரவு அழைத்துப் பேசினேன். முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பழகிய பிறகு, முகம் தெரிந்த இடத்துக்குப் போவது சற்று இலகுவானது. கிளினிக் கூட்டம் கலைந்த பிறகு, மதியத்தில் வரச் சொன்னார்கள். மற்ற வைத்தியர்களிடம் அறிக்கைக் கோப்பை நீட்டிய பழக்கத்தில் இவரிடமும் நீட்டினேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, “கடந்த மூன்று மாத ரோஸ்டரைக் கொண்டு வந்தீர்களா?” என்று கடமைப் பட்டியலைக் கேட்டார். கொண்டு போகவில்லை. அடுத்த தடவை கொண்டு போனபோது, என்னையே சிவப்புப் பேனையால் 12 மணி நேரத்துக்கு மேல் நீண்ட கடமைகளை வட்டமிடச் சொன்னார். 92 நாட்களில் 31 வட்டங்கள். படபடப்பு வந்த திகதிகளை நான் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லாம் வட்டங்களுக்கு அடுத்த நாட்கள். கொழும்பில் தேடியது வைத்தியசாலைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதற்றத்துக்கு மாத்திரை தந்தார். முதல் பத்து நாள் வயிற்றைப் பிரட்டியது, இன்னும் பதற்றமாக இருந்தது, நிறுத்திவிட நினைத்தேன். இவை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரமாகும், தொடக்கத்தில் இப்படி இருக்கலாம், நினைத்தவுடன் நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தப்பினேன். கைவசம் சேர்ந்திருந்த விடுமுறையில் மூன்று வாரம் எடுத்தேன். வருடத்துக்கு 45 நாள் விடுமுறை இருக்கிறது, அதைச் சேமித்து என்ன செய்யப்போகிறோம் என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை.

திரும்பிப் போனபின் செய்த மாற்றங்கள் சிறியவை. இரவுக் கடமையோடு எதையும் ஒட்டுவதில்லை என்று சிஸ்டரிடம் எழுத்தில் கொடுத்தேன்; மேலதிக நேரம் தேவையென்றால் ஓய்ந்திருந்த நாளில் ஒரு காலைக் கடமை. இரவுக்குப் போகும் நாளில் பிற்பகல் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறேன். அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை, ஏனெனில் அதிலுள்ள கஃபீனில் பாதி ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் இரத்தத்தில் நிற்கும், வீட்டில் படுக்கும்போது அதுதான் விழித்திருக்கும். படுக்கை அறை யன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியை ஒன்றும் செய்ய முடியாது, காதில் பஞ்சு. உறவினர் எல்லோருக்கும் காலை 8 முதல் 2 வரை அழைக்க வேண்டாம் என்று அறிவித்தாயிற்று. மச்சாள் ஒருத்தி இரண்டு மாதம் கோபித்துக்கொண்டிருந்தாள், பிறகு சரியானாள்.

வங்கிக்குப் போனது கடினமான பகுதி. மேலதிக நேரம் குறைந்தால் தவணை கட்ட முடியாது என்பதுதான் என் எல்லா ‘ஓம்’களுக்கும் காரணம். ஒரு தவணையும் தவறுவதற்கு முன் போய்ப் பேசினேன், கடன் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைத்தார்கள். மொத்த வட்டி கூடும், தெரியும். தவறிய பிறகு போனால் பேச்சு வேறாக இருக்கும் என்று அங்கிருந்தவரே சொன்னார்.

இன்னொன்று, சொன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். நாங்கள் பலர் மைக்ரோபோர் டேப்பைக் கிழித்து மணிக்கட்டிலோ சட்டையிலோ ஒட்டி, அதில் ஞாபகக் குறிப்பு எழுதுவோம்: 8ஆம் கட்டில், 2 மணிக்குச் சர்க்கரை, 15ஆம் கட்டில், சிறுநீர் அளவு. அந்த ஒன்பது மாதங்களில் வீட்டுக் குளியலறையில் கையில் ஒட்டியிருந்த டேப்பை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பார்த்தவுடன் ஈரக் கையோடு தொலைபேசியை எடுத்து, “எட்டாம் கட்டிலுக்குச் சர்க்கரை பார்த்தேனா?” என்று விடுதிக்கு அழைப்பேன். இப்போது பொறுப்பை ஒப்படைக்கும்போது அந்த டேப்பை வரிக்கு வரி அடுத்தவருக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவர் எழுதிக்கொள்கிறார், பிறகு உரித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் விடுதியை விட்டு இறங்குகிறேன். வீட்டிலிருந்து விடுதிக்கு அழைத்தது கடந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவை.

ஹீமோகுளோபின் 11.6க்கு வந்திருக்கிறது. பதற்றத்துக்கான மாத்திரையை வைத்தியர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். படபடப்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. நாட்காட்டியைப் பார்த்தால் அனேகமாகக் காரணம் தெரிகிறது. போன கிழமை சிஸ்டர் அழைத்து, நாளை இரவு யாரும் இல்லை என்றார். முடியாது சிஸ்டர், நேற்றுத்தான் இரவு முடித்தேன் என்றேன். “சரியம்மா” என்று வைத்துவிட்டார். அன்று பின்னேரம் முழுவதும் விடுதியில் யார் நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கறி காய்ச்சினேன், உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். வீட்டின் கடற்பக்கச் சுவருக்கு இன்னும் பூச்சு வைக்கவில்லை. வாடைக் காற்றோடு ஐப்பசி மழை வந்தால் ஓதம் ஏறும் என்று மேசன் பயமுறுத்துகிறார். இந்த வருடமும் தார்ப்பாய்தான் கட்டப்போகிறோம்.